மூன்று கம்பிக்கு ஒரே அடி

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு கம்பி ஒலிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மிகத் தாழ்ந்த சில சுரங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதற்கு மேலே இரண்டு கம்பி. பிறகு உச்சி வரைக்கும் மூன்று மூன்று. 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 கம்பிகள். கம்பளியை இறுக்கிச் செய்த சுத்தியல் ஒன்று எழும்பி, அந்த மூன்றையும் ஒன்றாகத் தொட்டுவிட்டு விலக வேண்டும்.

சுருதி சேர்ப்பவர் மூன்றையும் ஒரே சுருதியில் நிறுத்திவிட்டார். சரி, சத்தம் சீராக வருமா? சில சுரங்கள் கணீரென்று வரும், பக்கத்துச் சுரம் மெலிந்து, பிசிறடித்து வரும். மூன்று கம்பியும் ஒரே சுருதியில் இருந்தாலும் ஒரே கணத்தில் புறப்படவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

எவ்வளவு சின்ன வித்தியாசம் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பி மற்ற இரண்டைவிட 0.1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, சுத்தியல் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பிக்கு அடி நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக விழும். பியானோவின் கடைசிக் கட்டையில் கம்பி நொடிக்கு 4186 முறை அதிர்கிறது. அதற்கு இந்தத் தாமதம் கிட்டத்தட்ட அரை அதிர்வு! இரண்டு கம்பிகள் மேலே போகும்போது மூன்றாவது கீழே போகும்.

அதனால் என்ன? வீணையில் போலவே பியானோவிலும் கம்பிகள் ஒரு குதிரையின் மேல்தான், அதாவது கம்பிகளைத் தாங்கும் மரத் தாங்கியின் மேல்தான் கிடக்கின்றன. ஒரு சுரத்தின் மூன்று கம்பிகளும் அந்தக் குதிரை வழியாக ஒன்றையொன்று பாதிக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் கேப்ரியேல் வைன்ரைக் இதை 1977இல் விரிவாக விளக்கினார். மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் அசைந்தால் குதிரை பலமாக ஆடும். ஆற்றல் வேகமாக ஒலிப்பலகைக்குப் போய்விடும். சத்தம் உரக்க எழுந்து சீக்கிரம் தணியும். எதிரெதிராக அசைந்தால் குதிரையின் மேல் விழும் விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் சன்னமாக, ஆனால் நெடுநேரம் நீடிக்கும். நாம் கேட்கும் ஒவ்வொரு சுரமும் இந்த இரண்டின் கலவைதான். அடி சமமாக விழாவிட்டால் அந்தக் கலவை சுரத்துக்குச் சுரம் மாறிப்போகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கருவியே தேவையில்லை. வலது பெடலை மிதித்தால் கம்பிகள் தடையில்லாமல் நிற்கும். சுத்தியலை மெதுவாகத் தூக்கிக் கம்பிகளில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்ட வேண்டும். மூன்றும் மந்தமாக அடைபட்டால் பொருத்தம் சரி. ஒன்று மட்டும் துல்லியமாக ஒலித்தால் சுத்தியல் அதைத் தொடவில்லை. அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. கம்பளி நசுங்கி, தொடாத கம்பியையும் தொட்டுவிடும்.

குற்றம் கம்பியிலா சுத்தியலிலா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பிகள் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் சிறு கொக்கியால் இழுத்துச் சமன் செய்வார்கள். அப்புறம்தான் சுத்தியல். ஒலிக்கும் கம்பிக்கு நேரே உள்ள கம்பளியில் கை வைக்கக் கூடாது, அங்கே ஏற்கெனவே பள்ளம். மற்ற கம்பிகளைத் தொடும் மேட்டைத்தான் உப்புத்தாள் ஒட்டிய மெல்லிய குச்சியால் ஓரிரு முறை தேய்க்க வேண்டும். கம்பளியை ஊசியால் குத்தி மென்மையாக்கும் வேலை இதற்கெல்லாம் பிறகு. பொருத்தம் பார்க்காமலே ஊசியை எடுப்பது நல்ல சுத்தியலை வீணாக்கும் வேலை என்றே சொல்வேன். மெலிந்த சுரத்துக்குக் காரணம் கம்பளியின் கடினத்தன்மையாகவே இல்லாமல் இருக்கலாம்.

கிராண்ட் பியானோவில் இன்னொரு இடமும் உண்டு. இடது பெடலை மிதித்தால் சுத்தியல்கள் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்றில் இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்கும். அந்த நிலையிலும் சுத்தியலைத் தூக்கிப் பிடித்து, அந்த இரண்டையும் ஒருமுறை மீட்டிப் பார்க்க வேண்டும்.