பன்றி வருமுன் அடங்கலைப் பாருங்கள்: வனவிலங்குப் பயிர்ச் சேத நிவாரணத்தில் மனுக்கள் சிக்கும் இடங்கள்

மக்காச்சோளம் பால் பிடிக்கிற வாரத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது. வாழை தார் தள்ளியதும் யானை வருகிறது. தாளவாடி, கடம்பூர், அந்தியூர், காரமடை, உடுமலை என்று மலையும் மலையடிவாரமும் முழுக்க இதே கதைதான். வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளிலும் இப்போது பன்றியும் மயிலும் பெருகிவிட்டன. வனவிலங்கு பயிரை அழித்தால் வனத்துறை நிவாரணம் தர வேண்டும். பல ஆண்டுகளாக இருக்கும் உச்சவரம்பு ஏக்கருக்கு 25,000 ரூபாய். மனு வனச்சரக அலுவலகத்துக்குப் போகும். வனத்துறை ஆட்கள் வந்து பார்ப்பார்கள், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் சேதத்தை மதிப்பிடுவார், மாவட்ட வன அலுவலர் அனுமதிப்பார், வங்கிக் கணக்கில் பணம் ஏறும். திட்டம் இவ்வளவுதான். மனு எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான் எந்த அலுவலகச் சுவரிலும் எழுதி வைப்பதில்லை.

முதலில் தொகையைப் புரிந்துகொள்ளுங்கள். ஏக்கருக்கு 25,000 என்றால் சென்ட்டுக்கு 250. பன்றிக்கூட்டம் 60 அடிக்கு 40 அடி அளவில் மக்காச்சோளத்தைச் சாய்த்திருந்தால் அது 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். உச்சவரம்பே முழுதாகக் கிடைத்தாலும் 1,375 ரூபாய். இதற்கு நாலு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தால் கைக்காசுதான் கரையும். ஆகவே ஒரே நடையில் முடிகிற மாதிரி காகிதத்தை முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். சேதம் பெரிதாக இருக்கும்போது அந்தக் காகிதமே உங்களைக் காப்பாற்றும்.

மனுக்கள் அதிகம் சாவது அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில். இந்தக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஒவ்வொரு பட்டத்திலும் (விதைப்புப் பருவம்) என்ன விதைத்திருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைப் பார்த்துப் பதிய வேண்டும். நடப்பில் போன வருசம் எழுதியதே இந்த வருசமும் எழுதப்படுகிறது. நிலத்தில் மக்காச்சோளம் நிற்கும், அடங்கலில் தீவனச் சோளம் இருக்கும். நிலத்தில் 800 வாழை சாய்ந்து கிடக்கும், அடங்கலில் தரிசு. பிறகு வனத்துறையில் "அடங்கல்ல வாழையே இல்லீங்களே" என்பார்கள், கிராம அலுவலகத்தில் "இப்ப மாத்தினா ஆடிட்ல கேப்பாங்க" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஏட்டுப்படி சரி. நட்டம் மட்டும் உங்களுடையது.

புஞ்சை நிலத்தில் போர் போட்டுச் சொட்டுநீரில் வாழை, மஞ்சள், மரவள்ளி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். போர் கிராமக் கணக்கில் ஏறியிருக்காது. பாசன ஆதாரம் இல்லாத மானாவாரி நிலத்தில் வாழை எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. போர் போட்ட கையோடு அதை அடங்கலில் ஏற்றச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். நுண்ணீர்ப் பாசன மானியத்துக்கும் இதே ஆதாரத்தைத்தான் கேட்பார்கள். அந்த மானியம் 5 ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஆக ஒரு மனுவில் இரண்டு வேலை முடியும். விதைத்து ஒரு மாதத்துக்குள் அடங்கல் நகலை வாங்கிப் பயிரின் பெயர், பரப்பு, பாசனம் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

பட்டா அடுத்த பள்ளம். தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாவுக்கு நிவாரணம் வராது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதல் செய்யாமல் மனுக் கொடுத்தால் கோப்பு மேசையிலேயே கிடக்கும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் வேண்டும். சேதமான பிறகு போய் கையெழுத்துக் கேட்டால் பழைய வரப்புத் தகராறெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும், நல்ல நாளிலேயே வாங்கி வையுங்கள். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் ஓட்டுபவர்கள் நிலைமைதான் மோசம். பாடுபட்டவர் ஒருவர், பணம் போகிற கணக்கு பட்டாதாரருடையது. வாய்ப்பேச்சில் குத்தகை பிடிக்காதீர்கள். முத்திரைத்தாளில் சர்வே எண், பரப்பு, பட்டம், "வனவிலங்குச் சேத நிவாரணத்தைப் பயிரிட்டவர் பெறச் சம்மதம்" என்ற வரி, இவ்வளவும் இருக்கட்டும். அதைப் பார்த்த உடனே அதிகாரி ஒப்புக்கொள்வார் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் பேசவே இடமில்லை.

சேதம் நடந்த காலையில் செய்ய வேண்டியவை. சாய்ந்த பயிரை அப்புறப்படுத்தாதீர்கள், மாட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள். தேதியும் இடக்குறியும் (ஜி.பி.எஸ்.) படத்திலேயே பதிகிற கைபேசிச் செயலியில் எடுங்கள். சர்வே கல் அல்லது கிணற்று மேடு தெரிய ஒரு படம், சேதப் பகுதி முழுதும் தெரிய நாலு மூலையிலிருந்து நாலு படம், கால் தடம் அல்லது சாணத்தின் பக்கத்தில் அளவுநாடா வைத்து ஒரு படம். தடம் முக்கியம். அது இல்லாவிட்டால் "மாடு மேஞ்சிருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். வாழையை எண்ணிவிடலாம். ஆறடிக்கு ஆறடி நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 1,200 மரம், 300 சாய்ந்திருந்தால் கால் ஏக்கர். மக்காச்சோளம், கடலைக்கு நீள அகலத்தை அளந்து சென்ட்டாக்குங்கள். 435.6 சதுர அடி ஒரு சென்ட். உங்கள் கணக்கை மனுவிலேயே எழுதிவிட்டால் வருகிற அலுவலர் அதற்குக் கீழே குறைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் வரப்பில் நின்றபடியே "ஒரு பத்து சென்ட் போட்டுக்கலாம்" என்பார்.

யாரிடம் மதிப்பீடு வாங்குவது என்பதிலும் ஒரு அலைச்சல் உண்டு. மக்காச்சோளம், ராகி, கடலை, பருத்தி, கரும்பு, தென்னை எல்லாம் வேளாண்மைத் துறை. வாழை, மஞ்சள், மரவள்ளி, பாக்கு, காய்கறி தோட்டக்கலைத் துறை. தென்னைக்குள் வாழை ஊடுபயிர் வைத்தவர் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். இது தெரியாமல் தோட்டக்கலை அலுவலகத்தில் கடலைக்குக் காத்திருந்து திரும்பியவர்கள் ஏராளம்.

மனுவை வனக்காவலர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "இது எங்க எல்லை இல்லீங்க" என்பது சமவெளி விவசாயிகள் அடிக்கடி கேட்கிற வாசகம். சரக எல்லையும் தாலுகா எல்லையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சரகம் என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. வாங்க மறுத்தால் மாவட்ட வன அலுவலருக்கே ஒப்புகை அட்டையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

மனுவில் சொட்டுநீர்க் குழாயையும் மோட்டார் வயரையும் சேர்த்து எழுதினால் பயிர்ச் சேதத்தில் அதைக் கழித்துவிடுவார்கள். தனித்தாளில் எழுதுங்கள். மானியத்தில் போட்ட குழாயைப் பன்றி கிழித்துவிட்டது என்று அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்கவும் முடியாது, 7 வருசம் கழிய வேண்டும். ஆகவே குழாயைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. கோடையில் சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது சொட்டுநீர் வரிசை ஒன்றுதான் ஈரமாக, மண்புழுவோடு இருக்கும். பன்றி அந்த வரிசையைப் பிடித்தே கிளறிக்கொண்டு போகும். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சினால் இரவுக்கு அதற்கு விருந்து. முடிந்த அளவு காலை மின்சாரத்தில் பாய்ச்சுங்கள், கசியும் இணைப்புகளை உடனே அடையுங்கள், மெயின் குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள், வால்வுகளைக் காட்டுப் பக்கம் வைக்காமல் வீட்டுப் பக்கம் வையுங்கள். பண்ணைக்குட்டையும் அப்படியே. தார்ப்பாய் விரித்த குட்டையைக் காட்டோரத்தில் வெட்டினால் யானை அதைத் தேடி வரும், வழுக்கி விழுந்த சிறு விலங்கு ஏற முடியாமல் செத்துக் கிடக்கும். ஒரு பக்கமாவது சரிவு விட்டு வெட்டுங்கள்.

மின்வேலிக்கு வருவோம். இதில் தவறினால் நிவாரணம் போவதோடு நிற்காது, ஜெயில்தான். விவசாய இலவச மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரே இரவில் 3 யானைகள் அப்படித்தான் செத்தன. யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை 3 முதல் 7 ஆண்டு. பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காய்க்கும் இதே கதி.

சூரியசக்தி வேலிக்கு 2023-ல் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டிலிருந்து (அரசு அப்படி அறிவித்த காடு) 5 கி.மீ.க்குள் புதிதாக வேலி போட மாவட்ட வன அலுவலரின் முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருக்கும் வேலியைப் பதிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, ஆனால் அந்த வருச ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்த வருசம்தான். பெரிய பொறி இதுதான்: கம்பெனி ஆள் "முதல்ல போட்டுக்கலாம், மானியம் அப்பறம் வாங்கிக்கலாம்" என்பார். போட்ட வேலிக்கு மானியம் கிடைக்காது. இரண்டு அலுவலகமும் மாறி மாறி மற்றதன் கடிதத்தைக் கேட்டால் வனத்துறை அனுமதியை முதலில் பிடியுங்கள், பொறியியல் துறை பிறகு அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

வேலி போட்டபின் வேலை செய்யாமல் போவதற்கு நம் வறண்ட மண்ணே காரணம். எர்த் (மண்ணில் இறக்கும் இணைப்பு) சரியாக இல்லாவிட்டால் கம்பியில் அதிர்வே இருக்காது. ஆறடிக் கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் அடித்து, கோடையில் வாரம் ஒருமுறை அந்த இடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பன்றிக்கு அடிக்கம்பி தரையிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்தில் இருக்க வேண்டும். அந்தக் கம்பியில்தான் புல் முட்டி மின்சாரம் இறங்கும், மழைக்குப் பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை செதுக்காவிட்டால் வேலி வெறும் கம்பிதான். கிளுவை வேலி இருக்கிற கொரங்காட்டுக்காரர்கள் (மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள்) அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடாதீர்கள், கிளுவைக்கு உள்பக்கம் ஒன்றரை அடி தள்ளி இரண்டு வரிசை ஓட்டினாலே பன்றி நிற்கும்.

பன்றியைச் சுடலாமாமே என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறை சுடும். வனத்துறை மட்டுமே, நீங்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கோ இருக்கிறது, நாம் 3 கி.மீ.க்கு வெளியேதான் என்று காங்கேயம், சென்னிமலைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊதியூர் மலையும் சென்னிமலையும் காப்புக்காடுகள், தூரத்தை அங்கிருந்தே அளப்பார்கள். மறுபக்கம், நொய்யல் ஓரத்துச் சீமைக்கருவேலப் புதர் காப்புக்காடு அல்ல. "பக்கத்துல காடு இருக்குதுங்களே" என்று யாராவது தட்டிக்கழித்தால் எந்தக் காப்புக்காடு, பெயர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பன்றியைச் சுடக் கேட்கும் மனு கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை, ஊராட்சித் தலைவர் கொண்ட குழுவுக்குப் போக வேண்டும். நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்துவிட்டது. அறிவிப்பு வந்ததும் அதே மாதம்! தலைவர் இல்லாததால் குழு இல்லை என்ற பதிலை ஏற்காதீர்கள், தேர்தல் நடக்கும் வரை தலைவரின் இடத்தில் தனி அலுவலர் இருக்கிறார், மனு நகலை அவருக்கும் கொடுங்கள்.

மயிலுக்கு நிவாரணம் கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கொத்திய தக்காளியையும் கிளறிய விதையையும் மதிப்பிட முடியவில்லை என்பதே வழக்கமான பதில். மயிலும் முதல் அட்டவணையில்தான். விஷம் வைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பயிர்க் காப்பீட்டில் 2026 காரிப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பருவம் முதல் வனவிலங்குச் சேதமும் சேர்கிறது என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று மாநில அரசு அறிவித்த இடத்துக்கு மட்டுமே அது செல்லும். பிரீமியம் கட்டும் முன் உங்கள் பிர்காவும் (வருவாய் உள்வட்டம்) பயிரும் பட்டியலில் இருக்கிறதா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேதமான 72 மணி நேரத்துக்குள் இடக்குறியுடன் படத்தைப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை சேதமானால் திங்கள்கிழமை அலுவலகம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் அங்கேயே பாதி நேரம் போய்விடும்.

இரண்டு மாதமாகியும் பதில் இல்லையா? ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், முத்திரை வாங்கிய நகலோடு மனுக் கொடுங்கள். வனத்துறையும் அங்கே உட்கார்ந்திருக்கும், பதிலும் பதிவாகும். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இந்தத் தேதியில் முத்திரையிட்ட என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், இடப் பார்வை அறிக்கையின் நகல், மனு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது என்ற விவரம், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.