ஒரே வீட்டுச் சாவு, ஆளுக்கொரு துக்கம்

போன வருஷம் ஆடி மாசம், பெரம்பூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மாவும் மகனும் என்கிட்ட வந்தாங்க. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஏரியா, வயசு எல்லாம் மாத்தி, இதே மாதிரி வந்த ரெண்டு மூணு குடும்பத்துக் கதையைக் கலந்துதான் எழுதுறேன்.) அப்பா இறந்து நாலு மாசம் ஆகியிருந்தது. உட்கார்ந்ததுமே அந்தம்மா மகனைக் காட்டி, "இவனுக்கு அப்பன் போனதுல ஒரு சொட்டு வருத்தம் இல்லம்மா, காரியம் முடிஞ்ச மறுநாளே அவர் படுத்திருந்த கட்டிலைத் தூக்கி பழைய இரும்புக்குப் போட்டுட்டான்"னாங்க. பையன் எதுவும் சொல்லல. அவர் மடியில ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது, டெத் சர்டிபிகேட், வாரிசு சான்றிதழ், பேமிலி பென்ஷன் பேப்பர் எல்லாம் அதுல. கவுன்சிலிங்குக்கு எதுக்குப்பா ஃபைல்னு கேட்டேன். "முடிச்சிட்டு அப்படியே பேங்க்குக்குப் போணும் மேடம்"னார்.

நான் இந்த வேலைக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. துக்கத்தோட வர்றவங்க நிறைய பேர் "எனக்கு அழுகை நிக்கல"ன்னு வர்றதில்ல. "வீட்ல யாரும் யார்கூடவும் முகம் குடுத்துப் பேசறதில்ல மேடம்"னுதான் வர்றாங்க. சாவுக்கு முன்னாடி ஒத்துமையா இருந்த குடும்பம், ஆறு மாசத்துல அண்ணன் தம்பி பேசாம, மாமியார் மருமக தனித்தனி சமையல்னு ஆயிடுது, வெளியில பாக்கறவங்க சொத்துத் தகராறுன்னு நினைச்சுக்கறாங்க, சில வீட்ல அதுவும் உண்டுதான், ஆனா நான் பாத்த பல வீடுகள்ல சண்டைக்கு அடியில இருந்தது வேற ஒண்ணு. ஒருத்தர் துக்கத்தை இன்னொருத்தர் தப்பாப் படிச்சுடறாங்க.

போனது ஒரே ஆள்தான். ஆனா மனைவிக்குப் போனது 41 வருஷம் கூட இருந்த துணை, மகனுக்குப் போனது கடைசி வரைக்கும் மனசு விட்டுப் பேசிக்காத அப்பா, பேரனுக்குப் போனது ஸ்கூல் வேன்லேர்ந்து இறக்கிவிட்டு பையை வாங்கிக்கிற தாத்தா. இது எல்லாத்தையும் ஒரே அளவுகோல்ல, யார் எவ்ளோ அழுதாங்கன்னு வெச்சு அளந்தா எப்படிச் சரியா வரும்?

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999ல ஒரு விளக்கம் குடுத்தாங்க, நான் படிச்சதுல நம்ம வீடுகளுக்கு ரொம்பப் பொருந்துறது அதுதான். துக்கத்துல ரெண்டு பக்கம் இருக்குன்றாங்க. ஒரு பக்கம் இழப்பைப் பாத்து நிக்கிறது: அழறது, போட்டோவையே பாத்துட்டு இருக்கறது, கடைசி நாளைத் திரும்பத் திரும்பச் சொல்றது. இன்னொரு பக்கம் அவங்க இல்லாத வாழ்க்கையைக் கட்டறது: ரேஷன் கார்டுல பேர் எடுக்கறது, இபி கனெக்ஷன் மாத்தறது, அவங்க பண்ணிட்டு இருந்த வேலையை நாம கத்துக்கறது. ஊஞ்சல் மாதிரி ரெண்டு பக்கமும் போய்ப் போய் வர்றதுதான் இயல்பு. காலையில விழுந்து விழுந்து அழுதவங்க மத்தியானம் டிவி பாத்து சிரிக்கறது, அதுக்காக ராத்திரி குற்ற உணர்ச்சியில தூங்காம இருக்கறது, இதெல்லாம் எனக்குப் பழகின காட்சி. அவங்களுக்கு நான் சொல்றது, சிரிச்சதுல தப்பே இல்ல, அந்த நேரம் மனசு மூச்சு வாங்கியிருக்கு.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், துக்கத்துக்கு ஐந்து நிலை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏத்துக்கறது) இருக்குன்னு கூகுள்ல பாத்துட்டு வந்து "நான் இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்கேன் மேடம்?"னு கேக்கறாங்க. அந்த ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ்னு ஒரு மனநல மருத்துவர் 1969ல எழுதினது சாகப்போற நோயாளிகள்கிட்ட பேசி, பின்னாடி உயிரோட இருக்கறவங்களை வெச்சு இல்ல. அதனால கோபம் வந்துச்சு, ஏத்துக்கறது இன்னும் வரலையேன்னு பரீட்சை மாதிரி யாரும் கவலைப்பட வேண்டாம்.

நம்ம ஊர்ல என்ன ஆகுதுன்னா, ஊஞ்சலோட இந்த ரெண்டு பக்கத்தையும் ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுத்துடறோம். சாவு விழுந்த உடனே ஆம்பளைங்க ஐஸ் பாக்ஸ் சொல்லணும், சாமியானா, சேர், தண்ணி கேன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மேளம், மாலை, சுடுகாட்டுல நேரம் வாங்கணும், துபாய்லேர்ந்து வர்ற தம்பிக்கு ஃபிளைட் லேட்டுன்னா அதையும் பாக்கணும். அதுல எங்க அழறது. பொம்பளைங்க உள்ள கட்டிப்பிடிச்சு அழறாங்க, ஒப்பாரி தெரிஞ்ச ஒரு பாட்டி வந்துட்டா அடக்கி வெச்சதெல்லாம் கொட்டிடும், அது பெரிய வரம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்கோ ஓட்டேரிக்கோ வண்டி கிளம்பறப்ப நிறைய வீடுகள்ல அவங்க இன்னும் தெருமுனையோட நின்னுடறாங்க. அதுக்கப்புறம் 21 நாளைக்குள்ள இறப்பைப் பதியறது, சர்டிபிகேட், தாலுகா ஆபீஸ், பேங்க் எல்லாம் மறுபடியும் மகன் தலையில. அவர் அழாமலே ஓடறார், அம்மா எதுவுமே தெரியாம அழுதுட்டே உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேருமே ஊஞ்சல்ல ஒரு பக்கமா மாட்டிக்கிட்டு, "அவனுக்குப் பாசம் இல்ல", "அம்மா வெளிய வரவே மாட்டேன்றாங்க"ன்னு ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கறாங்க.

அந்தப் பையனைத் தனியா ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டாவது தடவைதான் கட்டில் விஷயம் வந்தது. அப்பா படுத்த படுக்கையா இருந்த எட்டு மாசமும் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தது அவர்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா இருமுவார், எழுந்து தண்ணி குடுப்பாராம். அப்பா போன அப்புறமும் ரெண்டு மணிக்கு இருமல் சத்தம் கேட்டு எழுந்துடறார், பாத்தா காலி கட்டில். "அதைப் பாக்க முடியல மேடம், அதான் போட்டுட்டேன்." அந்தம்மாவுக்கு அதே கட்டில்ல புருஷனோட வாசனை இருந்தது, மத்தியானத்துல யாரும் இல்லாதப்ப அதுல படுத்துப்பாங்களாம். ரெண்டு பேருமே இதை வாய்விட்டுச் சொல்லிக்கல.

அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு சொன்னார். ஐசியு வாசல்ல நடுராத்திரி, வென்டிலேட்டர் போடணும், போட்டாலும் உறுதி சொல்ல முடியாது, கையெழுத்து போடுங்கன்னு கேட்டிருக்காங்க. கூட யாரும் இல்ல, போட்டுட்டார். அதுக்கப்புறம் அப்பா கண்ணு முழிக்கவே இல்ல, ஒன்பதாவது நாள் போயிட்டார். "வாயில குழாய் வெக்காம இருந்திருந்தா அம்மாகிட்ட கடைசியா ரெண்டு வார்த்தை பேசியிருப்பாரு. கையெழுத்து போட்டது நான்தானே." நாலு மாசமா அவர் இதை யார்கிட்டயும் சொல்லல, கேக்கவும் யாரும் இல்ல.

கையெழுத்து போட்டவங்க துக்கம் தனி. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். ஆபரேஷனுக்குப் போட்டவங்க, "வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்"னு போட்டவங்க, இந்த ஆஸ்பத்திரியா அந்த ஆஸ்பத்திரியான்னு முடிவு எடுத்தவங்க, எல்லாருமே உள்ளுக்குள்ள ஒரு கோர்ட் நடத்திட்டு இருக்காங்க. இதுல துக்கம் விசாரிக்க வர்றவங்க "அப்பவே அங்க கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாரே"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போவாங்க. தயவு செஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க கையில இருந்த தகவலை வெச்சு, இருந்த பயத்துல, இருந்த பாசத்துல எடுத்த முடிவு அது. இன்னிக்கு முடிவு தெரிஞ்ச அப்புறம் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல நமக்கு என்ன இருக்கு.

என் வீட்லயும் இதே மாதிரி நடந்தது. அம்மா போனப்ப நானும் அக்காவும் ஏழு மாசம் சரியாப் பேசிக்கல. காரணம் அம்மாவோட செல் நம்பர். மாசா மாசம் ரீசார்ஜ் பண்ண அக்காவுக்கு மனசு வரல, விட்டுட்டா, நம்பர் போயிடுச்சு, கொஞ்ச நாள்ல வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, ஒரு நாள் காலையில வாட்ஸ்அப்ல அம்மா பேர்ல யாரோ ஒரு பையன் போட்டோ வந்து நின்னுச்சு. அக்கா மேல எனக்கு வந்த கோபம் இப்ப நினைச்சாலும் கை நடுங்குது. அவளுக்கு அந்த நம்பர் போன்ல தெரியறதே நெஞ்சை அறுத்திருக்கு, எனக்கு அது இருந்தாத்தான் மூச்சு. படிச்ச படிப்பு எதுவும் அந்த ஏழு மாசத்துல எனக்கு உதவல, ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுததுதான் உதவுச்சு. அதனால கேக்கறேன், போனவங்க நம்பரை உடனே விட்டுடாதீங்க (பேங்க் ஓடிபியும் அதுக்குத்தான் வரும்), வாய்ஸ் மெசேஜ் இருந்தா வேற இடத்துல சேமிச்சு வையுங்க. துணி, கண்ணாடி, கட்டில், சைக்கிள், எதை எடுக்கறதா இருந்தாலும் வீட்ல எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. குடுக்க அவசரம் எதுவும் இல்ல, ஒரு பெட்டியில போட்டு பரண்ல வெச்சா அது பாட்டுக்கு இருக்கும்.

இருமல் சத்தம் கேட்டுதுன்னு அந்தப் பையன் சொன்னப்ப "எனக்குப் பைத்தியம் பிடிக்குதா மேடம்?"னும் கேட்டார். இல்லவே இல்ல. 1971ல டெவி ரீஸ்னு வேல்ஸ் நாட்டு டாக்டர் ஒருத்தர் துணையை இழந்த 293 பேர்கிட்ட கேட்டதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவங்க கூடவே இருக்கற மாதிரி உணர்ந்ததா, சிலர் பாத்ததா, குரல் கேட்டதா சொல்லியிருக்காங்க, பெரும்பாலானவங்க அதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல. பல பேருக்கு அது ஆறுதலாவும் இருந்திருக்கு.

குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு: "தாத்தா தூங்கறாரு", "ஊருக்குப் போயிருக்காரு" வேண்டாம். தூங்கறாருன்னு சொன்னா குழந்தை தூங்கப் பயப்படும், ஊருக்குன்னு சொன்னா என்கிட்ட சொல்லாம போயிட்டாரேன்னு காத்துட்டு இருக்கும். செத்துட்டாரு, உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே வரமாட்டாரு, உன் தப்பு எதுவும் இல்ல. இவ்ளோதான், அவங்க கேக்கறப்பல்லாம் திரும்பச் சொல்லணும்.

உடம்பையும் பாக்கணும். சாவு வீட்ல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை யாரு ஞாபகம் வெக்கிறா? அந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்துக்கிட்டா பெரிய உதவி. நெஞ்சு வலின்னா "அழுது அழுது வலிக்குது"ன்னு விடாதீங்க, உடனே ஈசிஜி எடுங்க, ஏன்னா இழப்புக்கு அப்புறம் வர்ற முதல் நாட்கள்ல மாரடைப்பு அபாயம் கூடுது, அதிர்ச்சியிலேயே இதயத் தசை தற்காலிகமா பலவீனமாகிற டாகோட்சுபோன்னு ஒண்ணும் இருக்கு, வீட்ல இருந்து பாத்தா எது என்னன்னு தெரியாது. தூக்கம் வரலன்னு மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கறது வேண்டாம். சாவன்னிக்கு ஆரம்பிச்ச குடி பதினாறு தாண்டியும் நிக்கலன்னா, அந்த ஆம்பளையோட துக்கத்துக்குப் போக வேற வழி கிடைக்கலன்னு அர்த்தம், திட்டறதை விட்டுட்டு கூட்டிட்டு வாங்க.

எவ்ளோ நாள்ல சரியாகும்னு கேட்டா, கெடு எதுவும் கிடையாது. பெரும்பாலானவங்களுக்கு சிகிச்சைன்னு எதுவும் தேவைப்படறதும் இல்ல, வலி போகாது, ஆனா அலை கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும், தீபாவளி, பிறந்தநாள், திதி, கல்லறைத் திருநாள் அன்னிக்கு மறுபடி பெருசா அடிக்கும். சுமார் பத்துல ஒருத்தருக்கு மட்டும் அது இறங்காமலே நிக்குது. ஏக்கம் அதே அளவுல, பாதி உசுரு போயிட்ட மாதிரி, வேலை சாப்பாடு எதுவும் ஓடாம. உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாடு இதுக்கு ஆறு மாசம்னு கணக்கு வெக்குது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022ல பெரியவங்களுக்கு ஒரு வருஷம்னு வெச்சாங்க, அதுவும் அவங்கவங்க ஊர் வழக்கத்தையும் பாத்துதான் முடிவு பண்ணணும். இதுக்குன்னே தனியா ஒரு பேச்சு சிகிச்சை முறை இருக்கு, பலன் குடுக்குது. ஆனா "நானும் போயிடறேன்"னு ஒரு தடவை வாயில வந்தாலும் மாசக்கணக்கு பாக்காதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம், இலவசம். 1986லேர்ந்து சென்னையில இருக்கற தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா, 044-24640050. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு நேராவும் போகலாம்.

அந்தக் குடும்பத்துல, பையன் சம்மதம் வாங்கிட்டு நாலாவது தடவை ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சேன். ஐசியு வாசல் கதையை அவரே சொன்னார், அம்மா முகத்தைப் பாக்காம தரையைப் பாத்துட்டே. நான் பயந்தேன், அந்தம்மா என்ன சொல்லுவாங்களோன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவங்க கேட்டது, "அன்னிக்கு ராத்திரி நீ ஏதாவது சாப்ட்டியாடா?"

அவர் அப்பதான் அழுதார். அந்த ஃபைலை அந்தம்மா வாங்கித் தன் மடியில வெச்சுக்கிட்டாங்க, அன்னிக்கு பேங்க்குக்கு ரெண்டு பேருமா போனாங்க.