மதகைத் திறக்குமுன் ஒரு போன்

விடியப்புறம் நாலரை மணிக்கு வரும் போன் எனக்குப் பழகிப்போன ஒன்று. இறால் வளர்ப்பவர் யாரும் அந்த நேரத்தில் நல்ல செய்தி சொல்ல எடுப்பதில்லை. ஒரு மார்கழியில் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கமிருந்து வயதான ஒருவர் எடுத்தார். "மகன், ராவு போட்ட தீன் தட்டுல அப்பிடியே கிடக்கு. நாலஞ்சு கரையோரம் வந்து நிக்குது. ஒருக்கா வந்து பாருங்க மகன்."

நான் போய்ச் சேர விடிந்துவிட்டது. மூன்று நாள் விடாத மழை. வரம்பு முழுக்கச் சேறு. கரையில் நின்ற இறால் ஒன்றை ஐயா குனிந்து கையாலேயே எடுத்துத் தந்தார். சுகமான இறாலை அப்படிக் கையால் அள்ள முடியாது, துள்ளிப் போய்விடும். தலையோட்டை நகத்தால் நெம்பிக் கழற்றி, உட்புறத்தை விரலால் வழித்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து உலர்ந்ததுபோல வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். பெரியது இரண்டு மில்லிமீற்றர் இருக்கும். உடம்பும் இலேசாகச் சிவந்திருந்தது.

"மதகு பூட்டித்தானே கிடக்கு ஐயா?"

"இல்ல மகன். தண்ணி பழுதாப் போச்செண்டு ராவே திறந்து பாதியை வெளிய விட்டுட்டன்."

அந்த ஓடையில் அவருக்குக் கீழே இன்னும் மூன்று பண்ணைகள். வழக்கம்போல விடியப் பம்பு போட்டு, ஓடைத் தண்ணீரை ஏற்றுகிறவர்கள். எட்டாம் நாள் அவர்களில் ஒருவரின் போன் வந்தது. நேரம் மட்டும் கொஞ்சம் பிந்தி, ஐந்து மணி.

ஐயாவில் எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கெட்டால் மாற்று என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்லப் போகும் எங்களைப் போன்றவர்கள்தான். எந்த நேரத்தில் மாற்றக்கூடாது என்பதை நாங்கள் அந்த அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

வெண்புள்ளி ஒரு வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை. கடையில் "வைரஸுக்கு" என்று எதை விற்றாலும் இல்லை. நோய் கிளம்பினால் மூன்று முதல் பத்து நாளுக்குள் குளம் முழுவதும் போகலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீனில் கலப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அது பக்டீரியாவுக்குரியது, வைரஸை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, குளோரம்பெனிக்கோல், நைட்ரோபியூரான் வகை மருந்துகளின் எச்சம் இறாலில் இருந்தால் ஐரோப்பியச் சந்தை அந்தச் சரக்கையே திருப்பிவிடும். ஒரு விடயம்: இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. நோய் வந்த குளத்து இறாலைச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதைக் கழுவிய தண்ணீரையும் தலை, கோதுகளையும் ஓடைக்குள் கொட்டினால், இறாலுக்கு ஆகும்.

1996இல் இந்த நோய் புத்தளம் மாவட்டத்தில் இறங்கியபோது என்ன நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். அங்கே நிறையப் பண்ணைகள் தண்ணீர் எடுத்ததும் டச்சு வாய்க்காலில், கழிவை விட்டதும் அதே வாய்க்காலில். ஒருவரின் கழிவு அடுத்தவரின் குளத்துத் தண்ணீர். நமக்கு மட்டக்களப்பு வாவி இருக்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம், கடலோடு பேச இரண்டே வாய்: பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, கல்லாற்றில் ஒன்று. வெயில் காலத்தில் அவையும் மண் மூடிக் கிடக்கும். அப்போது வாவிக்குள் விட்டது வாவிக்குள்ளேயே சுற்றும். வாகரைப் பக்கத்து ஓடைகளும் இதற்குத் தம்பிகள்தான்.

சரி, மழைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? வைரஸ் பெரும்பாலும் முன்பே உள்ளே இருக்கிறது. சோதிக்காமல் வாங்கிய குஞ்சில் வந்திருக்கும், இல்லை நண்டில், இல்லை பக்கத்துக் குளத்தில் செத்த இறாலைக் கொத்திக்கொண்டு வந்து போட்ட நீர்க்காகத்தில். இறால் தெம்பாக இருக்கும்வரை அது பதுங்கிக் கிடக்கும். நமது மாரி மழை ஒரே நாளில் எல்லாவற்றையும் குழப்பும். தண்ணீர் குளிரும். உவர்ப்பு விழும். வரம்பு மண்ணில் இருக்கும் அமிலம் கழுவுண்டு குளத்துக்குள் இறங்கும். கண்டல் நிலத்தை வெட்டிச் செய்த குளமென்றால் இது இன்னும் மோசம், அந்த மண்ணைத் தோண்டினால் மஞ்சள் திட்டுகள் தெரியும். கார்மேகத்தால் பாசி ஒட்சிசன் செய்வதும் குறையும்.

அன்று ஐயாவின் குளத்தில் உவர்ப்புமானியால் மேல் தண்ணீரைப் பார்த்தேன், ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு. போத்தல் ஒன்றைக் கம்பில் கட்டி அடியில் அமிழ்த்தி எடுத்துப் பார்த்தேன், 17. இரண்டு தண்ணீரும் எண்ணெயும் தண்ணீரும்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே உள்ள காற்று கீழே இறங்கவே இல்லை, இறாலோ கீழேதான் இருக்கிறது. ஐயா மூன்று நாளாக மேல் தண்ணீரை மட்டும் அளந்துகொண்டிருந்தார். இந்த நிலையில் நோய் இல்லாவிட்டால் செய்யவேண்டியது எளிது: மதகின் மேல்பலகையை மட்டும் கழற்றி மழைத் தண்ணீரை வழியவிட்டு, தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிப்பதற்கு மழை நாள் பொருத்தமான நாளே அல்ல. நோய்க்குறி ஒன்று கண்டாலோ மேல்பலகையையும் தொடக்கூடாது.

ஒட்சிசனை எப்போது அளக்கிறீர்கள் என்று கேட்டால் பலர் பத்து மணி என்பார்கள். வெயில் ஏறினால் பாசியே ஒட்சிசன் தந்துவிடும், எந்தக் குளமும் அழகாகத் தெரியும். அளக்கவேண்டிய நேரம் விடியப்புறம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில். லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. பீ.எச். காலையிலும் மாலையிலும் பாருங்கள். 7.5க்கும் 8.5க்கும் இடையில் இருப்பது மட்டும் போதாது, ஒரே நாளில் 0.5க்கு மேல் ஏறி இறங்கினால் பாசி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மீற்றர் வாங்கக் காசில்லையா? பழைய சட்டி மூடிக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசிக் கயிற்றில் இறக்குங்கள். 30 முதல் 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் மறைந்தால் நல்லது. 20இலேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, அன்று இரவு நித்திரை இல்லை.

தீன் பற்றி நான் சொன்னால் பண்ணைக்காரருக்குப் பிடிப்பதில்லை. கூடப் போட்டால் கூட வளரும் என்ற நம்பிக்கை சாகவே சாகாது. நீங்கள் போடும் தீனின் நைதரசனில் ஏறக்குறைய கால்வாசிதான் இறாலின் உடம்பில் சேர்கிறது. மற்றது தண்ணீரில், அமோனியாவாக. அந்த அமோனியாவும் பீ.எச். 8இல் இருக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு. பீ.எச். 9 ஆனால் கிட்டத்தட்ட நாற்பது வீதம் நஞ்சாகிவிடும். இதனால்தான் மத்தியானத்தில் நீற்றுச்சுண்ணாம்பை அள்ளி வீசாதீர்கள் என்கிறேன். ஒன்றைத் திருத்தப்போய் மற்றதைக் கெடுக்கும் வேலை அது. தட்டில் இரண்டு மணித்தியாலம் கழித்தும் தீன் மிச்சமென்றால் அடுத்த வேளை குறையுங்கள். அடியில் கறுப்புச் சேறும் கூழ்முட்டை நாற்றமும் வந்தபிறகு குறைத்துப் பலனில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறைய இறால் ஓடு கழற்றும். அப்போது தீன் எடுப்பு தானாகக் குறையும், அதை நோய் என்று பதறவும் வேண்டாம், மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். மென்தோலோடு கிடப்பதை மற்றவை தின்னும், வைரஸ் அந்த வழியிலும் போகும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வாவித் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. வயலில் பூச்சிமருந்து அடித்த வாரம் வயல் வடிகால் எல்லாம் வாவிக்குத்தான் வரும். இறாலும் பூச்சிக்குச் சொந்தக்காரன்தான். பூச்சியைக் கொல்லும் மருந்து அதையும் விடாது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரே காலையில் மூன்று பண்ணை பார்ப்பேன். ஒரே வீச்சுவலை, ஒரே செருப்பு, ஒரே வாளி. மூன்றாவது பண்ணையில் ஒரு அக்கா என் வலையைப் பார்த்துவிட்டு, "இது ஈரமா இருக்கே தம்பி, எங்க வீசிற்று வாறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இஞ்ச வீச வேணாம், எங்கட வலை கிடக்கு" என்றார். முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அன்று பின்னேரமே குளோரின் கரைசலுக்கு ஒரு வாளி வாங்கினேன். இப்போது என்னை வரம்பில் ஏறவிடுமுன் கால் கழுவச் சொல்லாத பண்ணையைப் பார்த்தால் எனக்கே பயம்.

நோய் என்று சந்தேகம் வந்த நாளில் மதகு பூட்டு. பம்பு நிறுத்து. நாலைந்து இறாலை ஸ்பிரிட்டில் போட்டு வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பு, நீருயிர் வளர்ப்பைப் பார்க்கும் அரச அமைப்பான நக்டாவின் உத்தியோகத்தருக்குச் சொல்லு. விற்கக்கூடிய அளவென்றால் வலையால் பிடி, தண்ணீரை வடித்துப் பிடிக்காதே. பிறகு குளோரின். இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 4,000 கன மீற்றர். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்ற அளவுக்கு 120 கிலோ குளோரின் வேண்டும். 65 வீதத் தூளில் அது 185 கிலோ. இரண்டு வாளி தூவிவிட்டு "குளோரின் போட்டேன்" என்பவர்களின் குளத்தில் நண்டு சுகமாக நடக்கும். வெயில் குளோரினைத் தின்னும், ஆகவே பொழுதுபட்ட பிறகு போடுங்கள். சுண்ணாம்பு போட்ட கையோடு போடாதீர்கள், பீ.எச். ஏறினால் குளோரினின் வீரியம் குறையும். ஒரு கிழமை மதகு திறக்காமல் இருக்க வேண்டும்.

வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் குளத்தை வெடிக்கும்வரை காயவிடுவதுதான் இதற்கெல்லாம் மலிவான வைத்தியம். நாலு கிழமை போகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இறால் சாகாமல், ஆனால் வளராமல், இரண்டு மாதமாகியும் ஈர்க்குப்போல இருந்தால் ஈ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகப்படுங்கள். அதன் வித்துகள் காய்ந்த மண்ணிலும் தாங்கும். ஹெக்டேருக்கு 6 தொன் சுட்ட சுண்ணாம்பை உழுது கலந்து நனைத்தால்தான் அடங்கும்.

ஐயாவுக்கும் ஓடையின் கீழ்ப் பண்ணைக்காரருக்கும் எல்லைக் கம்பித் தகராறால் பேச்சுவார்த்தை இல்லை, பத்து வருடமாக. போன் நம்பர்கூட இல்லை. அவரிடம் சொல்லுங்கள் என்று நான் சொன்னபோது, "அவனோட நான் கதைக்க மாட்டன்" என்றார். அடுத்த போகத்தில் போனபோது ஓடை முனையில் ஒரு மூங்கில் நட்டிருந்தார். நோய் கண்டால் அதில் பழைய சிவப்புச் சாரன் ஒன்றைக் கட்டுவாராம், கீழே உள்ளவர்கள் பார்த்துப் பம்பை நிறுத்திக்கொள்வார்களாம். போன மாரியில் ஒருதரம் கட்டியிருக்கிறார். கீழ்ப் பண்ணைக்காரர் ஒன்பது நாள் பம்பு போடவில்லை. பத்தாம் நாள் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார், சாரனை எப்போது கழற்றுவாய் என்று.