ஊதிக் காட்டினால் பிடிபடும் கிருமி

வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். முதலில் ஒரு பையை ஊத வேண்டும். பிறகு யூரியா கலந்த ஒரு டம்ளர் தண்ணீர். வயலுக்குப் போடுகிறோமே, வேதியியல்படி அதே யூரியாதான். அளவு மட்டும் சில பத்து மில்லிகிராம். அரை மணி நேரம் கழித்து இன்னொரு பை. வயிற்றில் அல்சர் கிருமி இருக்கிறதா என்பது இந்த இரண்டு பைகளில் தெரிந்துவிடும்.

கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைப்பதில்லை. இது பிழைப்பதற்குக் காரணம், இதனிடம் ஏராளமாக உள்ள யூரியேஸ் என்ற நொதி. அது யூரியாவை உடைத்து அமோனியாவும் கரியமில வாயுவும் ஆக்கும். அமோனியா சுற்றியிருக்கும் அமிலத்தை முறித்துவிடும். கரியமில வாயுவோ ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். நம் செல்கள் யூரியேஸைத் தயாரிப்பதில்லை என்பதால் மாட்டிக்கொள்வது கிருமிதான்.

சரி, மூச்சில் எப்போதும் கரியமில வாயு இருக்கிறதே? அதனால்தான் குடிக்கும் யூரியாவில் கார்பன்-13 வைக்கிறார்கள். சாதாரண கார்பனைவிடச் சற்றே கனமானது, கதிரியக்கம் இல்லாதது. இயற்கையிலேயே கார்பனில் சுமார் 1.1 சதவீதம் இந்த வகைதான். முதல் பை அந்தக் கணக்குக்கு. இரண்டாவது பையில் அது கூடியிருந்தால் கிருமி இருக்கிறது.

எண்டோஸ்கோப்பியிலும் இதே தந்திரம்தான். இரைப்பைச் சவ்வில் துளியூண்டு கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். அமோனியா வந்தால் மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவை கிருமியை அடக்கி வைப்பதால், இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். வழக்கமாக இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். மலப் பரிசோதனை கிருமியின் புரதத்தையே தேடுகிறது, அதற்கும் இதே நிபந்தனை உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது தேடுவது, கிருமிக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தை. கிருமி ஒழிந்த பிறகும் அந்தப் புரதம் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். குணமாகிவிட்டதா என்று பார்க்க அது உதவாது.

மருந்துக்குக் கிருமி அடங்காவிட்டால், கல்சர் செய்து, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பார்கள். இதற்குப் பொறுமை வேண்டும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்க்க முயன்றபோது, ஆய்வகத்தில் தட்டுகளை இரண்டே நாளில் குப்பையில் போட்டுவந்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு அப்படியே கிடந்துவிட, ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கல்சர் ரிப்போர்ட்டுக்கு இன்றும் நாட்கணக்கில்தான் காத்திருக்கிறோம்.