மருத்துவ பீட மாணவருக்கு மனம் நோயுற்றால்: விடுப்பு உரிமையும் அதைப் பறிக்கும் பொறிகளும்

பரீட்சைக் காலத்தில் டெங்கு வந்து வாட்டில் கிடக்கும் மருத்துவ மாணவனுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சலுகை தருகிறது. அவன் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதும் பரீட்சை முதல் அமர்வாகவே கணக்கிடப்படும். 'ரிப்பீட்' என்ற பெயர் விழாது. வகுப்புச் சித்திக்கான தகுதி போகாது. உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கான தகுதிப் பட்டியலிலும் அவன் காரணமில்லாமல் கீழே தள்ளப்பட மாட்டான்.

மனச்சோர்வு நோயும் பதகளிப்பு நோயும் இதே விதிக்குள்தான் வருகின்றன. ஆனால் டெங்கு வந்தவன் அன்றே வைத்தியசாலைக்குப் போகிறான். மனம் நோயுற்றவன் விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். பரீட்சை முடிந்து, சான்றிதழ் கொடுக்கும் நாளும் கடந்த பிறகுதான் திருகோணமலையில் இருக்கும் பெற்றோருக்கு விடயம் தெரிய வருகிறது. அப்போது பீட அலுவலகம் ஒரே வசனத்தில் முடித்துவிடும்: "காலம் கடந்துவிட்டது."

2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, உலகளவில் மருத்துவ மாணவர்களில் 27.2 வீதமானோரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் காணப்படுவதாகக் கணித்தது. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 வீதம் மட்டுமே. நம் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னும் சில சுமைகள் உண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே உடற்கூற்றியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று என்பதால், "கோட்டாவில் வந்தவர்" என்ற முணுமுணுப்பையும் சிலர் கேட்க வேண்டியிருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

சான்றிதழ் யாரிடம் வாங்குவது

பலர் விழும் முதல் பொறி மாணவ ஆலோசகர். அவர் நல்லவராக இருக்கலாம், மணிக்கணக்காகப் பேசியும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர் இந்தப் பொறுப்பை மேலதிகமாக ஏற்றிருக்கும் ஒரு விரிவுரையாளர்; உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியர் அல்லர். அவர் தரும் கடிதம் மருத்துவச் சான்றிதழ் ஆகாது. "ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு எல்லாம் தெரியும்" என்று நம்பி இருந்த மாணவி ஒருத்தியின் பெயருக்கு நேரே பெறுபேற்றுத் தாளில் 'சமுகமளிக்கவில்லை' என்று விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆலோசகர் மீதும் குற்றமில்லை. அவர் அறிந்திருந்தது கோப்பில் இல்லை, அவ்வளவுதான்.

தனியார் வைத்தியரின் சான்றிதழைப் பரீட்சைக் கிளைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. பல்கலைக்கழக வைத்திய அதிகாரி உறுதிப்படுத்தாவிட்டால் அது மேசையிலேயே தங்கிவிடும். அரசாங்க வைத்தியசாலை உளநல கிளினிக்கின் சான்றிதழுக்குத்தான் பலம் அதிகம். அதையும் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் காட்டி ஒப்பம் பெற்றுவிடுங்கள்.

இங்கே மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. அவர்கள் பயிலும் போதனா வைத்தியசாலையில் கிளினிக் நடத்தும் மனநல நிபுணர் நாளை அவர்களின் பரீட்சகராக இருக்கக்கூடும். வரிசையில் நிற்கும்போது கூடப் படிப்பவர்களே வாட் வகுப்புக்காக அந்த வழியால் வருவார்கள். எந்தப் பிள்ளை அங்கே போகும்? விடுமுறையிலோ வார நாளொன்றிலோ ஊருக்கு வந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவது பலருக்குச் சுலபம். மூதூர், கிண்ணியா, கந்தளாய் பகுதியினர் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் வழிப்படுத்துவார்கள். கட்டணம் இல்லை. கிளினிக் பதிவு தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதும் இல்லை. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கு இது பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ காலியிலோ படிப்பவர்கள் பஸ் ஏறித்தான் வர வேண்டும். பரவாயில்லை, வாருங்கள். கிளினிக் கொப்பியில் முதல் பதிவு விழும் நாள்தான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

இரக்கத்தால் வரும் பொறி ஒன்றும் உண்டு. பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்து, சில வைத்தியர்கள் 'வைரஸ் காய்ச்சல்' என்றோ 'உடல்நலக் குறைவு' என்றோ எழுதித் தருவார்கள். பெற்றோரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஒரு பரீட்சைக்கு அது பயன்படலாம். ஆறு மாதம் கழித்து நீண்ட விடுப்பு கேட்கும்போது கோப்பைத் திறந்தால், உள்ளே காய்ச்சல் மட்டும்தான் இருக்கும். மனநோய் எப்போது தொடங்கியது, எத்தனை நாளாகச் சிகிச்சை நடக்கிறது என்பதற்கு ஒரு வரி ஆதாரமும் இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். வெளியே தெரியக் கூடாது என்றால் சான்றிதழை ஒட்டிய உறையில் வைத்து, பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின் பெயரிட்டுக் கொடுங்கள்.

திகதிதான் எல்லாம்

சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பீடமும் தன் கைநூலில் வைத்திருக்கிறது. முதலாம் ஆண்டில் கையில் தந்து பிறகு எவரும் திறந்து பார்க்காத அந்தப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பரீட்சைக்கு வர முடியவில்லை என்பதை அன்றே பீடாதிபதி அலுவலகத்துக்கும் பரீட்சைக் கிளைக்கும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இரண்டு வரி போதும்.

பரீட்சை முடிந்து பல நாள் கழித்து, பின்திகதியிட்டு வாங்கிய சான்றிதழைக் கொண்டுபோய் அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதைவிட மோசமானது, நோயோடு போய் உட்கார்ந்து எழுதுவது. எழுதிச் சித்தியடையாத பிறகு "அப்போது எனக்குச் சுகமில்லை" என்று கொடுக்கும் சான்றிதழ் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. "எப்படியாவது எழுதிவிட்டு வா" என்று தொலைபேசியில் அழுத்தும் அப்பா அம்மாவுக்கு இது புரிய வேண்டும்.

வரவு இன்னொரு கணக்கு. பரீட்சைக்குக் கொடுத்த சான்றிதழ், வாட் பயிற்சியில் தவறிய நாட்களுக்குத் தானாகப் பொருந்தாது. அதற்கு அந்தத் துறைக்குத் தனியாக எழுத வேண்டும். தவறிய பயிற்சியை மீண்டும் செய்ய வேண்டியும் வரும். மகாபொல உதவித்தொகைக்கும் 80 வீத வரவு தேவை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுதான் சாப்பாட்டுக் காசு. விடுப்பு அங்கீகரிக்கப்படாமல் சும்மா ஊரில் நின்றால், கொடுப்பனவு நின்ற பிறகுதான் காரணம் தேடி அலைய வேண்டும்.

அலுவலக அலைச்சல்

துறைக்குப் போனால் பீடாதிபதி அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பரீட்சைக் கிளை என்பார்கள். பரீட்சைக் கிளையில் வைத்திய அதிகாரியின் ஒப்பம் எங்கே என்று கேட்பார்கள். வைத்திய அதிகாரி அன்று விடுமுறையில் இருப்பார். திருகோணமலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போன தாய்க்குக் கடைசியில் கிடைக்கும் பதில், "பிள்ளைதான் வர வேண்டும், பெற்றோருடன் பேச முடியாது" என்பது. பிள்ளை கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் இருப்பதால்தானே தாய் வந்தாள்! ஆனாலும் சட்டப்படி பிள்ளை வயது வந்தவர். எனவே, "என் சார்பில் ஆவணங்களை ஒப்படைக்கவும் தகவல் பெறவும் இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன்" என்று பிள்ளையிடம் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். இந்த ஒற்றைத் தாள் ஒரு முழுப் பயணத்தை மிச்சப்படுத்தும்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாசலை விட்டு இறங்கி நேரே தபாலகம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது முத்திரை ஆகாது. பீடச் சபையும் மூதவையும் எடுக்கும் முடிவை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த விடுப்பு, ஆள் மாறியதும் காணாமல் போகும்; பட்டப்படிப்பை முடிக்க வேண்டிய உச்சக் காலமோ அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "என் விடுப்பு விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்தச் சபைக்குப் போனது, என்ன முடிவு, என்ன காரணம்" என்று மட்டும் கேளுங்கள். தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். தூங்கிய கோப்புகள் இந்தக் கடிதத்துக்கு எழுந்ததைக் கண்டிருக்கிறேன். பாரபட்சமாக மறுத்தார்கள் என்றால் திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் போங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடும் காலமும் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

நோய்க்குக் காரணம் பகிடிவதை என்றால், அதை மருத்துவக் கடிதத்தில் எழுதியதோடு முறைப்பாடு செய்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கக்கூடிய குற்றம். அதற்குத் தனி முறைப்பாடு வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்துவிட்டால், மேலே சொன்ன காகிதங்கள் எல்லாம் பிறகு. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. இலவச அம்புலன்சுக்கு 1990. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே மறைத்து வைக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

விடுப்பு கிடைத்துச் சுகமாகித் திரும்பும்போதும் ஒரு தாள் தேவைப்படும். படிப்பைத் தொடரத் தகுதியானவர் என்று சிகிச்சை அளித்த வைத்தியர் எழுதித் தர வேண்டும். கடைசி கிளினிக் நாளிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். தவணை தொடங்கிய பிறகு கேட்டால், அடுத்த கிளினிக் திகதி வரை வகுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். விடுதி அறைக்கும் அப்போதே மீண்டும் விண்ணப்பியுங்கள். பழைய அறையை உங்களுக்காக யாரும் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள்.