வெள்ளத்தில் ஒதுங்கும் மானைத் துரத்தாதீர்கள்

ஜூலையில் அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் வெள்ளம் என்று செய்தி வந்ததும் நண்பர்கள் பதறிப்போய்க் கேட்பார்கள்: "இதைத் தடுக்கவே முடியாதா?" வனவிலங்கு மருத்துவராக வெள்ளக் காலங்களில் அங்கே வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தடுக்கவே கூடாது. பிரம்மபுத்திரா கரை மீறி வந்து வண்டலைப் பரப்புவதால்தான் 'பீல்' எனப்படும் அந்த ஏரிகளில் மீன் பெருகுகிறது, ஆகாயத்தாமரை அடித்துச் செல்லப்படுகிறது, புல்வெளி மரக்காடாகிவிடாமல் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள். அத்தனைக்கும் அந்தப் புல்தான் சாப்பாடு.

தண்ணீர் ஏறினால் விலங்குகள் தெற்கே கார்பி ஆங்லோங் மலைக்குப் போய்விடும். வழி அவற்றுக்குத் தெரியும். குறுக்கே நெடுஞ்சாலையும் விடுதிகளும் கிடப்பதுதான் பிரச்சினை. விலங்குகள் கடக்கும் ஒன்பது வழித்தடங்களில் உள்ள தனியார் நிலங்களில் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மிகத் தேவையான தடை அது.

அதிகம் சாவது பன்றிமான் என்னும் சிறிய மான். 2024 வெள்ளத்தில் இறந்தவற்றில் பெரும்பாலானவை இவைதாம். நீரில் மூழ்கிச் சாவது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு சாவு தெரியாது. களைத்துப்போய் ஊருக்குள் ஒதுங்கும் மானைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, நாய் குரைக்கிறது, பையன்கள் பிடிக்க ஓடுகிறார்கள். பயத்தில் ஓட ஓட அதன் உடல் சூடேறி, தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். பிடித்தபோது காயமே இல்லாத மான் மறுநாளோ அதற்கடுத்த நாளோ செத்துப்போகும். முற்றிய பிறகு எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

அதனால் மான் ஒதுங்கினால் கூட்டத்தை விலக்குங்கள், நாயைக் கட்டுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது தானாகக் கிளம்பினால் போகவிடுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கண்ணைத் துணியால் மூடுங்கள்; பாதி பயம் அதிலேயே அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி தனியாகக் கிடந்தால் அநாதை என்று முடிவுகட்டி எடுத்து வராதீர்கள். தாய் பக்கத்துப் புல்லிலேயே இருக்கலாம்.

காசிரங்கா வழியே போகும் அந்த நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. வெள்ள நாட்களில் வனத்துறை நேர அட்டை கொடுக்கும். குறித்த நேரத்துக்கு முன்பே மறுமுனையை அடைந்தால், வேகமாக வந்ததற்கு அபராதம். முடிந்தால் இரவுப் பயணத்தையே தவிர்த்துவிடுங்கள், மான்கள் அதிகம் சாலையைக் கடப்பது அப்போதுதான்.