இத்த ஏன் எங்க ஊருக்குக் கொண்டாந்தீங்க?

"இன்னாத்துக்குப்பா இத்த எங்க ஊர்ல கொண்டாந்து வெச்சீங்கோ? நாங்க இன்னா நெல்லா வெதைக்கிறோம்?"

எண்ணூரில் ஒரு குப்பத்துக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். கேட்டவர் மீன் விற்கும் அக்கா ஒருவர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடிய பீதி இன்னும் அடங்காத நேரம். 'இத்த' என்று அவர் கேட்டது அந்த உர ஆலையைத்தான். "சோத்துக்குத்தான்க்கா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உரத்தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அன்றைக்குச் சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன்.

ஏர் பழசு, எந்திரம் புதுசு என்று நினைக்கிறோம். ஆனால் எந்திரத்தைப் படாதபாடு படுத்தி வேலை வாங்கியதே வயல்தான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பயிர் வளர அது வேண்டும், ஆனால் காற்றிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளாது. அதனால் ஐரோப்பா, நைட்ரஜன் உள்ள சிலி நாட்டு வெடியுப்பைத் தோண்டி வயலில் கொட்டிக்கொண்டிருந்தது. அது தீர்ந்தால் கோதுமைக்குப் பஞ்சம் என்று 1898-ல் ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். 1909-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, யூரியா போன்ற உரங்களுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார்.

சொட்டை டன்னாக்குவதில்தான் சிக்கல். சுமார் 200 மடங்கு காற்றழுத்தம், 500 டிகிரி சூடு. அந்த நிலையில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கரியைத் தின்றுவிடும்; கலன் வெடிக்கும். அதைத் தடுக்க ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் போஷ் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். உள்ளே மெல்லிரும்பில் ஓர் உறை, வெளியே எஃகு, அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகள். ஊடுருவி வரும் ஹைட்ரஜன் துளை வழியே வெளியே போய்விடும். கொல்லுப்பட்டறை மூளை! 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே கற்ற உயர் அழுத்த வித்தைதான் பிறகு மெத்தனால் என்ற ரசாயனத்தின் உற்பத்திக்கும் வழி செய்தது. அதே அம்மோனியா முதல் உலகப்போரில் வெடிமருந்தும் ஆனது, மறைக்க ஒன்றுமில்லை.

நம்ம வடசென்னை மணலியில் 1971-ல் உர உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள ஆலைகளுக்குக் கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர்தான் போகிறது. வடசென்னைக் கழிவறைகளின் தண்ணீர் எங்கோ நெல்லுக்குப் போகும் யூரியாவுக்கு உதவுகிறது என்றபோதுதான் அக்கா சிரித்தார்.

ஆனால் சோறு ஊருக்கெல்லாம், நாற்றம் இவர்களுக்கு. அந்தக் கோபம் நியாயமானது. கசிவுக்குப் பொறுப்பு ஆலையுடையது, உயிர் நம்முடையது.

அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் பொத்துங்கள். கண் எரிந்தால் கசக்காமல் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காற்றைவிட லேசான வாயுதான். ஆனால் குளிர்ந்த நிலையில் கசிந்தால் புகைமூட்டம்போலத் தரையை ஒட்டியே வரும். தரையில் படுக்காதீர்கள். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும்; காற்றுக்குக் குறுக்கே நடக்க வேண்டும்.

"இப்போ காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஆலையில் இதற்குக் கம்பத்தில் துணிக்குழல் கட்டி வைத்திருப்போம். அக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"வாடைப்பா. கெழக்கால கடலு. அப்போ ரோட்டத் தாண்டி மேக்கால போவணும். அதானே?"